மீண்டவர்களின் பிளாஸ்மா: கொரோனா சிகிச்சையில் நம்பிக்கையும் நிரூபணமும்

தொற்றுநோய் ஒன்றிலிருந்து மீண்டவரின் இரத்தத்தில் அந்நோயை எதிர்க்கும் ஆற்றல் தங்கியிருக்கிறது. அதை மற்றொரு நோயாளிக்குச் செலுத்தினால் அவரும் பிழைக்கக்கூடும். மருத்துவத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் இந்த எண்ணம், 2020ஆம் ஆண்டில் கொரோனா உலகெங்கும் பரவியபோது மீண்டும் வலுப்பெற்றது. நிரூபிக்கப்பட்ட மருந்தோ தடுப்பூசியோ அப்போது இருக்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள், 2021 டிசம்பரில், உலக சுகாதார நிறுவனம் இந்தச் சிகிச்சைக்கு எதிராகப் பரிந்துரை செய்தது. இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்ன?

இரவல் எதிர்ப்பாற்றல்

இரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் மஞ்சள் நிறத் திரவமே பிளாஸ்மா. இரத்தத்தின் கன அளவில் சுமார் 55 சதவீதம் இதுதான். இதன் பெரும்பகுதி நீர் என்றாலும், கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புப் புரதங்கள் இதில் உள்ளன. இவற்றைத் தயாரிக்கத் தடுப்பூசி உடலைப் பழக்குகிறது. பிளாஸ்மா சிகிச்சையோ வேறொருவரின் உடல் தயாரித்தவற்றை இரவலாகத் தருகிறது. குதிரையின் இரத்தத்திலிருந்து பெறப்படும் மருந்து பாம்புக்கடிக்குக் கொடுக்கப்படுவதும் இதே அடிப்படையில்தான்.

1890ஆம் ஆண்டு பெர்லினில் எமில் வான் பெரிங், கிடசாடோ ஷிபாசாபுரோ ஆகிய இருவரும் இந்தத் தத்துவத்தை விலங்குகளில் நிறுவினர். தொண்டை அடைப்பான் நோய்க்கான சிகிச்சையாக அது வளர்ந்தது. மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901இல் பெரிங்குக்கு வழங்கப்பட்டது.

அதன் பின்னர் கிடைத்த அனுபவங்கள் ஒரே மாதிரியாக இருக்கவில்லை. அர்ஜென்டினாவில் ஜூனின் வைரஸால் ஏற்படும் இரத்தக்கசிவுக் காய்ச்சலுக்கு, மீண்டவர்களின் பிளாஸ்மா பெற்றவர்களில் சுமார் 1 சதவீதத்தினரும், சாதாரண பிளாஸ்மா பெற்றவர்களில் 16 சதவீதத்துக்கும் அதிகமானோரும் உயிரிழந்ததாக 1979இல் வெளியான ஆய்வு காட்டியது. நோய் தொடங்கிய முதல் எட்டு நாட்களுக்குள் சிகிச்சை தரப்பட்டதே அதன் சிறப்பு. மாறாக, மேற்கு ஆப்பிரிக்காவை எபோலா தாக்கியபோது கினி நாட்டில் 2015இல் நடத்தப்பட்ட ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தென்படவில்லை.

வெள்ளை மாளிகை அறிவிப்பு

அமெரிக்காவில் மேயோ கிளினிக் ஒருங்கிணைத்த திட்டத்தின் கீழ், 2020 ஆகஸ்டுக்குள் 70,000க்கும் மேற்பட்டோருக்கு பிளாஸ்மா செலுத்தப்பட்டது. ஆனால் பிளாஸ்மா பெறாத நோயாளிகளைக் கொண்ட ஒப்பீட்டுக் குழு அத்திட்டத்தில் இருக்கவில்லை. குணமடைந்தவர்கள் பிளாஸ்மாவால்தான் குணமடைந்தனரா என்ற அடிப்படைக் கேள்விக்கு அதனால் விடை தர இயலவில்லை.

இந்நிலையில் ஆகஸ்ட் 23ஆம் தேதி, குடியரசுக் கட்சி மாநாடு தொடங்குவதற்கு முந்தைய நாள், அதிபர் டொனால்ட் டிரம்ப் இச்சிகிச்சைக்கான அவசர அனுமதியை அறிவித்தார். 100 நோயாளிகளில் 35 பேரை இதன் மூலம் காப்பாற்றியிருக்க முடியும் என்று உணவு மற்றும் மருந்து நிர்வாக அமைப்பின் தலைவர் ஸ்டீபன் ஹான் கூறினார். மறுநாளே அது தவறு என்று அவர் ஒப்புக்கொண்டார்.

மேயோ தரவுகளின்படி, எதிர்ப்புப் புரதம் குறைவான பிளாஸ்மாவைப் பெற்றவர்களில் ஏழு நாட்களுக்குள் 100க்கு சுமார் 14 பேர் இறந்தனர். அது செறிவாக இருந்த பிளாஸ்மாவைப் பெற்றவர்களில் சுமார் 9 பேர் இறந்தனர். 14இலிருந்து 9 ஆகக் குறைந்தது ஏறத்தாழ 35 சதவீதக் குறைவு என்பது உண்மையே. ஆனால் அதன் பொருள் நூற்றுக்கு ஐந்து பேர் என்பதே தவிர 35 பேர் அல்ல.

இந்தியாவின் அனுபவம்

டெல்லியில் 2020 ஜூலையில் பிளாஸ்மா வங்கி திறக்கப்பட்டது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் அதே மாதம் ஒன்று தொடங்கப்பட்டது. அதே வேளையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் முறையான ஆய்வு ஒன்றை நடத்தியது. யாருக்கு பிளாஸ்மா தருவது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. பிளாஸ்மா பெற்றவர்களில் 19 சதவீதத்தினரும், பெறாதவர்களில் 18 சதவீதத்தினரும் 28 நாட்களுக்குள் தீவிர நிலையை அடைந்தனர் அல்லது இறந்தனர். அதாவது, வேறுபாடு இல்லை.

இம்முடிவு 2020 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஆயினும் அரசின் சிகிச்சை வழிகாட்டுதலில் பிளாஸ்மா தொடர்ந்து இடம்பெற்றது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை உச்சத்தைத் தொட்டபோது, நோயாளிகளின் உறவினர்கள் பிளாஸ்மா கொடையாளர்களைத் தேடி சமூக ஊடகங்களில் மன்றாடினர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் உள்ளிட்ட வல்லுநர்கள், ஆதாரமற்ற இந்தப் பயன்பாட்டை நிறுத்துமாறு இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகருக்குக் கடிதம் எழுதினர். மே 17ஆம் தேதி பிளாஸ்மா வழிகாட்டுதலிலிருந்து நீக்கப்பட்டது.

பெரிய ஆய்வு தந்த விடை

பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 11,558 மருத்துவமனை நோயாளிகளை உள்ளடக்கியிருந்தது. செறிவான பிளாஸ்மா பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் 24 சதவீதத்தினர் 28 நாட்களுக்குள் உயிரிழந்தனர். 2021 ஜனவரியில் இப்பிரிவுக்கு நோயாளிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. மலிவான ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன், செயற்கைச் சுவாசத்தில் இருப்போரின் மரணங்களை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்பதை 2020 ஜூனில் கண்டறிந்ததும் இதே ஆய்வுதான்.

ஆயினும் பிளாஸ்மா முற்றிலும் பயனற்றது என்று கூறிவிட முடியாது. மருத்துவமனையில் சேரும் நிலைக்கு வரும்போது பல நோயாளிகளின் உடல் தனது சொந்த எதிர்ப்புப் புரதங்களைத் தயாரித்துவிட்டிருக்கும். அதற்குப் பின் ஏற்படும் சேதத்துக்கு வைரஸைவிட உடலின் மிகையான அழற்சியே பெரும் காரணம். ஆகவே காலம் கடந்து தரப்படும் இரவல் புரதங்கள் உதவுவதில்லை.

அர்ஜென்டினாவில் 160 முதியவர்களுக்கு, அறிகுறி தோன்றிய 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கி நடந்த ஆய்வில், தீவிர சுவாசப் பாதிப்பு 31 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. அமெரிக்காவில் 1,181 புற நோயாளிகளிடம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வும், மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் வீதம் 6.3 சதவீதத்திலிருந்து 2.9 சதவீதமாகக் குறைந்ததாகக் கண்டது. 2021 டிசம்பர் இறுதியில் அமெரிக்கா தனது அனுமதியை, எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குச் செறிவான பிளாஸ்மா தருவது என்ற அளவுக்குச் சுருக்கியது.

அடுத்த புதிய கொள்ளைநோய் வரும்போதும், மருந்து கண்டுபிடிக்கப்படுமுன்பே மீண்டவர்களின் இரத்தம் கையில் இருக்கும். அப்போதும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற அழுத்தம் எழும். அதை முதல் நாட்களிலேயே, செறிவை அளந்து, ஒப்பீட்டுக் குழுவோடு கொடுத்துப் பார்த்தால் சில மாதங்களில் விடை கிடைத்துவிடும். விடை தெரியாமலேயே பல்லாயிரம் பேருக்குக் கொடுப்பது கருணையாகத் தோன்றலாம். ஆனால் அது அடுத்த நோயாளிக்கு உதவும் தகவல் எதையும் விட்டுச்செல்வதில்லை.