தியேட்டரில் இருந்து ஹாலுக்கு வந்த பெட்டி

ஹோம் தியேட்டருக்குப் புது செட் வாங்கலாமா, இல்ல செகண்ட் ஹேண்ட்ல நல்ல ஸ்பீக்கர் தேடலாமான்னு யோசிக்கிறீங்களா? இன்னைக்குக் கதை உங்களுக்குத்தான். பத்து வருஷப் பழைய ஃபோனை யாரும் தேடிப் போய் வாங்குறதில்ல. ஆனா 1945-ல் வந்த ஒரு ஸ்பீக்கர் வரிசையை இன்னைக்கும் தேடித் தேடி வாங்குறாங்க. ஏன்?

பேசும் படம் வந்த காலத்துக்குப் போகணும். 1920-களின் கடைசியில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு ஒலிக் கருவிகளைக் கொடுத்தது வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம். அதுவும் விலைக்கு இல்ல, குத்தகைக்கு! அன்றைய பெரிய தலைவலி பவர். 1930-களின் நடுவில், சின்னத் தியேட்டர்களுக்காக வந்த அவர்களுடைய 91 மாடல் ஆம்ப்ளிஃபையர் தந்தது சுமார் 8 வாட்தான். அதை வச்சு ஒரு அரங்கத்தையே நிரப்பணும். அதனால் உழைப்பு முழுக்க ஸ்பீக்கர் தலையில் விழுந்தது. வலுவான காந்தம், லேசான பேப்பர் கோன், நாதஸ்வரம் மாதிரி போகப்போக அகலமாகும் ஹார்ன். ஒரு ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி இன்னொன்றைவிட 10 டெசிபல் கூடுதல் என்றால், அதே சத்தத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வாட் போதும். மொத்தக் கதையும் இந்தக் கணக்குக்குள்ளதான் இருக்கு.

எம்ஜிஎம் ஸ்டுடியோவுக்காக டக்ளஸ் ஷியரர் குழு உருவாக்கிய ஹார்ன் சிஸ்டம் 1936-ஆம் ஆண்டுக்கான அகாடமி விருது வாங்கியது. அதில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பி. லான்சிங். 1941-ல் அவருடைய கம்பெனியை ஆல்டெக் வாங்கியது. 1945-ல் ஆல்டெக் லான்சிங் கொண்டு வந்ததுதான் ‘வாய்ஸ் ஆஃப் த தியேட்டர்’. அடுத்த வருஷமே லான்சிங் வெளியேறி, சொந்தமாகத் தொடங்கினார். இன்னைக்கு எல்லார் பையிலும் இருக்கிற ஜேபிஎல் அதுதான். 1949-லேயே இறந்துவிட்டார், பாவம். அந்தப் பெயர் எவ்வளவு தூரம் போச்சுன்னு அவர் பார்க்கவே இல்லை.

வீட்டு ஸ்பீக்கர் வேற பாதையில் போனது. 1954-ல் எட்கர் வில்ச்சரின் ஏஆர்-1 வந்தது. மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி, சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் எடுத்தார் அவர். ஆனா அது வாட்டைக் குடித்தது. பிறகு டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிவாகிவிட, யாரும் அதைப் பெரிசா எடுத்துக்கல. தியேட்டர்களும் 1970-களில் டால்பி ஸ்டீரியோ, 1983-ல் டிஎச்எக்ஸ் என்று மாறத் தொடங்க, பழைய பெட்டிகள் வெளியே வந்தன. அவற்றில் நிறைய கப்பலேறி ஜப்பானிய ரசிகர்களின் வீடுகளுக்குப் போனது. அந்த வீடுகளின் அளவை நினைச்சா எனக்குச் சிரிப்புதான் வரும்.

இதில் வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம் இருக்கு. 1970-களுக்குப் பிறகு வந்த பல வீட்டு ஸ்பீக்கர்களில் கோனின் விளிம்பு ஃபோம். பதினைந்து, இருபது வருஷத்தில், அதுவும் ஈரக்காற்று உள்ள ஊரில், பொடிப்பொடியா உதிரும். பழைய தியேட்டர் வூஃபர்களின் விளிம்பு துணி அல்லது பதப்படுத்திய பேப்பர், அது தாங்குது. ஃபோம் போனால் மாற்றிக்கலாம், பெரிய செலவில்ல. காயில் கெட்டிருந்தால்தான் வம்பு. நான்கு விரலால் கோனை மெதுவா, நேரா அழுத்திப் பாருங்க. உள்ளே உரசுற சத்தம் கேட்டால் நன்றி சொல்லிட்டுக் கிளம்பிடுங்க.

படத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். அதனால் முன்பக்கத்துக்கு ஒரே மாடலில் மூன்று கிடைத்தால் விடாதீங்க. ஆல்டெக் மாதிரி மூன்றரை அடிப் பெட்டியே கிடைத்தாலும் அது குரலுக்காகச் செய்தது, குண்டு வெடிக்கிற ஆழம் அதில் வராது. அதுக்குத் தனியா சப்வூஃபர் வேணும். அதை மட்டும் புதுசா வாங்குங்க. பழைய சப்வூஃபரில் முதல்ல போறது உள்ளே இருக்கிற ஆம்ப்தான்.