சொல்லால் ஆட்டத்தைக் காட்டியவர்



அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்துக் குழுவின் வர்ணனையாளர் சிக் ஹெர்ன் என் பெருமதிப்பிற்குரியவர். 1961-இல் அப்பணியை ஏற்ற அவர், 1965 நவம்பர் முதல் 2001 டிசம்பர் வரை ஒன்றையும் தவறவிடாமல் தொடர்ந்து 3,338 ஆட்டங்களை வர்ணித்தார்.

நெடுங்காலம் அவரது வர்ணனை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பொதுவாகவே அமைந்தது. எனினும், ஆட்டத்தைக் காண இயலாதவரை மனத்திற்கொண்டே பேசினார். பந்து யார் கையில், எந்தப் பக்கம் என ஒவ்வோர் அசைவும் சொல்லாயிற்று. ‘ஸ்லாம் டங்க்’, ‘ஏர் பால்’ ஆகிய சொற்கள் பரவப் பெரிதும் காரணமானவரும் அவரே.

இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் 2002-இல் திரும்பிவந்து, தம் குழு வாகை சூடியதையும் வர்ணித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் மறைந்தார். 2010-இல் நிறுவப்பட்ட அவரது சிலையருகே, ரசிகர் அமர ஒரு நாற்காலி காலியாக விடப்பட்டுள்ளது. கேட்பவரை அருகில் அமர்த்திப் பேசிய குரலுக்கு அதனினும் தக்க சிறப்பு வேறு உண்டோ?