வேர்க்கோப்பில் தமிழ்: ஆள்களப் பெயர் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

தென் இலண்டனிலுள்ள மிச்சம் என்னும் ஊரில், தமிழ் பயிலும் பிள்ளைகளுக்கான நூற்பட்டியல் ஒன்றை உள்வலையில் வைக்கும் பொருட்டுப் பழைய கணினியொன்றில் லினக்ஸை நிறுவினேன். பைண்ட் மென்பொருளைக் கொண்டு பெயர்ச் சேவையகம் அமைக்க முற்பட்டேன். வலயக் கோப்பின் முகவரிப் பதிவில் ‘நூலகம்’ என்று தமிழிலேயே எழுதினேன். பெயர் பொருந்தாது எனக் கூறிச் சேவையகம் அவ்வலயத்தையே ஏற்க மறுத்தது. அம்மறுப்பின் வரலாற்று மூலம் யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

ஆர்ப்பாநெட் காலத்தில் கணினிப் பெயர்கள் அனைத்தும் ஒரே அட்டவணையில் இருந்தன; கலிபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவனம் அதனைப் பேணியது. 1973இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி அவ்வலையுடன் இணைந்தது. வலை பெருகவே அட்டவணை ஈடுகொடுக்கவில்லை. 1983 நவம்பரில் பால் மொக்காபெட்ரிஸ் வெளியிட்ட இரு ஆவணங்கள், பெயர்களை மரம்போல் கிளைபிரித்து, ஒவ்வொரு கிளையின் பொறுப்பையும் அதற்குரியோரிடம் ஒப்படைத்தன. மறு ஆண்டே பெர்க்லி மாணவர்கள் பைண்டை எழுதினர்.

இம்முறைமை பெயரின் ஒவ்வொரு கூறும் 63 பைட்டுகளுக்கு மேற்படலாகாது என்று வரையறுத்ததேயன்றி, தமிழ் போன்ற எழுத்துகளுக்கு அடிப்படைத் தடை எதனையும் விதிக்கவில்லை. 1997இல் வெளிவந்த விளக்க ஆவணமும் இதனை உறுதிசெய்கிறது. இலத்தீன் எழுத்து, எண், சிறுகோடு ஆகியன மட்டுமே ஆகும் என்னும் விதி பழைய அட்டவணைக்குரியது; 1985ஆம் ஆண்டு ஆவணத்தில் அதனைக் காணலாம். அட்டவணை மறைந்தது, அதன் விதி மறையவில்லை. என் கணினி மறுத்தது அவ்விதியின் பெயராலேயே.

மரபுகள் மாறாதவை என்றும் கொள்ள வேண்டியதில்லை. 1980களின் பிற்பகுதியில் நான் இங்கு ஆய்வு மாணவனாக இருந்தபோது, பிரித்தானியப் பல்கலைக்கழக வலையில் நாட்டின் குறியீடு முதலிலும் நிறுவனத்தின் பெயர் அதன்பின்னும் எழுதப்பட்டன. ஊரையும் தந்தையையும் முன்னிட்டுத் தன் பெயரைப் பின்வைக்கும் நமக்கு அவ்வரிசை இயல்பாகவே தோன்றியது. 1990களில் அது கைவிடப்பட்டது.

பிறமொழி எழுத்துகளுக்கான முயற்சி 1998 அளவில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ குழுவினரால் முன்னெடுக்கப்பட்டது. எனினும் 2003இல் நிலைபெற்ற தீர்வு, பெயரை இலத்தீன் குறிகளாக மாற்றி அனுப்பும் பியூனிகோட் ஆகும். இதன்படி ஆறு எழுத்துடைய ‘சிங்கப்பூர்’ 22 குறிகளாகவும், நான்கெழுத்து ‘இலங்கை’ 16 குறிகளாகவும் வேர்க்கோப்பில் நிற்கின்றன. இவ்விரண்டும் ‘இந்தியா’வும் 2010, 2011ஆம் ஆண்டுகளில் அங்கு இடம்பெற்றன.

இவற்றுக்கு முன்னரே ஒரு தமிழ்ச்சொல் அங்குச் சென்றிருந்தது. 2007 அக்டோபரில் ஐகான் அமைப்பு பதினொரு சோதனைப் பெயர்களை வேரில் சேர்த்தது. தமிழுக்கு வாய்த்தது ‘பரிட்சை’. ‘பரீட்சை’ என்னும் நெடில் வடிவமோ, ‘தேர்வு’ என்னும் சொல்லோ அன்று. பிழையா, பேச்சுவழக்கா என நாம் வாதிடலாம். பெயர்ச் சேவையகத்துக்கோ குறிலும் நெடிலும் வெவ்வேறு பெயர்கள். நெடிலிட்டுத் தேடியவருக்கு அப்படியொரு பெயர் இல்லை என்பதே விடை. 1997இல் இலண்டனில் முதன்முதல் நிறுவப்பட்ட ‘கே’ உள்ளிட்ட வேர்ச் சேவையகங்கள் யாவும், 2013இல் நீக்கப்படும்வரை அச்சொல்லைச் சுமந்தன. தமிழில் எழுத்துத் திருத்தம் பற்றி எத்தனையோ மாநாடுகள் கூடியுள்ளன. எந்த எழுத்து வேரில் ஏறுகிறது என்பதில் நம் புலமையுலகம் காட்டிய அக்கறை சிறிதே என்பது என் கருத்து.

மிச்சத்துச் சேவையகத்தில் ஈற்றில் குறிமாற்றிய வடிவத்தையே இட்டேன். பிள்ளைகள் உலாவியில் ‘நூலகம்’ என்று தட்டுகின்றனர், பட்டியல் திறக்கிறது. வலயக் கோப்பில் அப்பதிவின் அருகே, அரைப்புள்ளிக்குப் பின், கருத்துரையாக அச்சொல்லைத் தமிழிலும் எழுதி வைத்துள்ளேன். சேவையகம் அதனைப் படிப்பதில்லை.