பால் பவுடர் கணக்கும் பூகம்பத்தின் கணக்கும்

"பால் பவுடருக்கும் கோதுமைக்கும் மதம் மாறினவங்கதானே அந்தக் காலனிக்காரங்க?"

பேரிடர் நிவாரணம் பற்றிய ஒரு பயிற்சி வகுப்பில், தேநீர் இடைவேளையில் ஒருவர் சிரித்துக்கொண்டே இப்படிக் கேட்டார். படித்தவர். கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஒரு சமூகப் பணியாளராக இந்தக் கேள்வியை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். வெள்ளம், புயல், சுனாமி என்று எது வந்தாலும், மிஷன்காரர்கள் மூட்டையோடு வந்து இறங்கினால் உடனே கேட்கப்படுவது, "எதற்குக் கொடுக்கிறார்கள்?" என்பதுதான். "யாருக்குக் கிடைக்கவில்லை?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் ஒரு வரலாறு இருக்கிறது.

1934 ஜனவரி 15 பிற்பகல். பீகாரையும் நேபாளத்தையும் பெரும் பூகம்பம் உலுக்கியது. முங்கேர் நகரம் தரைமட்டமானது. முசாபர்பூர் சிதைந்தது. பீகாரில் மட்டும் 7,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் நம் பக்கம் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்று பேசினார். தாகூர் இதைக் கண்டித்தார். இயற்கை நிகழ்வுக்கு அறத்தோடு முடிச்சுப் போடுவது மூடநம்பிக்கையை வளர்க்கும் என்றார்.

அறிவியலுக்குப் பொருந்தாத பேச்சு என்பது சரி. நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. தீண்டாமைக்குத் தண்டனை என்றால், இடிபாட்டில் செத்த தீண்டப்படாதவர் எந்தப் பாவத்துக்காகச் செத்தார்? சவர்ணரின் மனசாட்சியைத் தட்டி எழுப்ப நம் பிணமும் ஓர் உதாரணமாகிவிட்டது.

அதே பீகாருக்கு வேறு வகை மனிதர்களும் வந்தார்கள். 1904இல் டெல்லிக்கு மிஷனரியாக வந்து, பின்னால் மிஷனை விட்டு விலகிய சி.எஃப். ஆண்ட்ரூஸ், இந்தப் பூகம்பத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி ஆங்கிலேயரிடம் உதவி கேட்டார். சுவிட்சர்லாந்திலிருந்து பியர் செரசோல் வந்தார். அவர் பாதிரியார் அல்ல, பொறியாளர். கிறிஸ்தவ நம்பிக்கையால் போரை எதிர்த்து, இராணுவ வரி கட்ட மறுத்துச் சிறைக்குப் போனவர். அவருடைய அப்பா அந்த நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர். முதல் உலகப் போரில் அழிந்த பிரெஞ்சுக் கிராமம் ஒன்றைச் சீரமைக்க, 1920இல் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கியவர்.

பூகம்பத்துக்குப் பிறகு வடக்கு பீகாரில் நிலமட்டமே மாறி, பல கிராமங்களை வெள்ளம் சூழ்ந்தது. செரசோலும் ஒரு சில தோழர்களும் 1934 முதல் 1937 வரை முசாபர்பூர் பகுதியில் மக்களோடு சேர்ந்து கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றிக் கட்டினார்கள். அப்படி எழுந்த ஓர் ஊரின் பெயர் சாந்திபூர். மண் சுமப்பது இன்னாருடைய வேலை என்று பிறப்பிலேயே எழுதி வைத்த நாட்டில், குடியரசுத் தலைவரின் மகன் மண்வெட்டி பிடித்தார். அவர் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. ஆனால் உடலுழைப்பு இழிவல்ல என்பதைப் பிரசங்கம் செய்யாமலே காட்டினார்.

பூகம்பம் நடந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1936 இறுதியில் அமெரிக்க மிஷன் தலைவர் ஜான் மோட் காந்தியைச் சந்தித்தார். தீண்டப்படாதவர்களிடம் சுவிசேஷம் சொல்வதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, ஒரு பசுவிடம் போய்ச் சுவிசேஷம் சொல்வீர்களா என்று காந்தி கேட்டார். மதங்களை எடை போட்டுப் பார்க்கும் அறிவு இவர்களுக்கு இல்லை என்பதே அவர் வாதம். இந்துவாகச் சாக மாட்டேன் என்று 1935இல் இயோலாவில் அறிவித்த அம்பேத்கர் உயிரோடு இருக்கும்போதுதான் இந்தப் பேச்சு. அம்பேத்கர் இதை விடவில்லை. கிறிஸ்தவ மிஷன்களைப் பற்றி எழுதும்போது இந்த ஒப்பீட்டை எடுத்து வைத்து விமர்சித்தார். நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான். "பால் பவுடருக்கு மாறினவங்க" என்ற கிண்டலும் அந்தப் பசுவும் ஒரே தொழுவத்தைச் சேர்ந்தவை.

அடுத்து லாத்தூர். 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நான்கு மணிக்குச் சற்று முன். பிள்ளையாரைக் கரைத்துவிட்டு ஊரே அசந்து தூங்கிய நேரம். கில்லாரியும் சுற்றுக் கிராமங்களும் நொறுங்கின. 8,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொன்றது வீடுதான். கனத்த கல் சுவரும், மேலே மண் பாரம் ஏற்றிய கூரையும் அப்படியே அமுக்கிவிட்டன. கூரைக் குடிசைகளில் இருந்த ஏழைகள் பலர் தப்பினார்கள். அன்று ஒரு நாள், வசதி இல்லாததே உயிரைக் காத்தது.

அந்தச் சமத்துவம் விடிந்ததும் முடிந்தது. உலக வங்கிக் கடனோடு நடந்த அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் 52 கிராமங்கள் இடம் மாற்றப்பட்டன. நிலமில்லாதவருக்கும் ஒரு ஹெக்டேர் வரை உள்ளவருக்கும் 250 சதுர அடி வீடு. ஏழு ஹெக்டேர் வரை 400 சதுர அடி. அதற்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு 750 சதுர அடி. சாதி என்ற சொல் அந்த விதியில் இல்லை. மராத்வாடாவில் நிலம் யாரிடம் இருக்கிறது, யார் கூலிக்குப் போகிறார் என்று தெரிந்தவருக்கு அந்தச் சொல் தேவையும் இல்லை. இப்படியொரு பட்டியலைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு வீடு கட்டும் எந்த அமைப்பும், அது தேவாலய அமைப்பாகவே இருந்தாலும், பழைய ஊரையும் சேரியையும் புது சிமெண்டில் மீண்டும் எழுப்புகிறது.

2001 ஜனவரி 26, குஜராத்தின் கட்ச். குடியரசு நாள் காலை. அஞ்சார் நகரில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மீது குறுகிய தெருவின் இரு பக்கக் கட்டிடங்களும் சரிந்தன. அரசுக் கணக்கில் 13,805 பேர் இறந்தார்கள். நிவாரணத்திலும் தற்காலிக முகாம்களிலும் தலித்துகளும் முஸ்லிம்களும் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. சாதிச் சங்கங்களும் மத அறக்கட்டளைகளும் ஊர்களைத் 'தத்து' எடுத்தன. வலுவான சங்கம் இல்லாத சாதியை யார் தத்தெடுப்பது?

காசா, காரிதாஸ் போன்ற கிறிஸ்தவ அமைப்புகளும் அங்கே வேலை செய்தன. 1998 கிறிஸ்துமஸ் நேரத்தில் டாங்ஸ் மாவட்டத்தில் தேவாலயங்கள் தாக்கப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த மாநிலம் அது. 2003இல் அங்கே மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. பரிசு, பணம், பொருள் கொடுத்து மதம் மாற்றுவது குற்றம். தண்டனை மூன்று ஆண்டு வரை. மாற்றப்பட்டவர் சிறார், பெண், பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால் நான்கு ஆண்டு வரை. தமிழ்நாட்டில் 2002இல் வந்து 2004இல் திரும்பப் பெறப்பட்ட சட்டமும் இதே வரிசையைத்தான் வைத்திருந்தது. நாற்பது வயது தலித் பட்டதாரியும் எட்டு வயதுக் குழந்தையும் ஒரே பெட்டியில். 1936இன் பசு சட்டப் புத்தகத்துக்குள் வந்து படுத்துக்கொண்டது.

அந்தத் தேநீர் இடைவேளைக்கு வருகிறேன். 1950 ஆணையின்படி கிறிஸ்தவராகும் தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. கல்வி, வேலை, தனித்தொகுதி எல்லாம் போகும். சீக்கியத்துக்கு 1956இலும் பௌத்தத்துக்கு 1990இலும் கதவு திறந்தது. இங்கே இன்னும் திறக்கவில்லை. இவ்வளவையும் இழந்து ஒருவர் மதம் மாறினால், அதை ஒரு பாக்கெட் பால் பவுடர் விளக்கிவிடுமா? பந்தியில் சமமாக உட்கார வைத்ததும், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், புண்ணைத் தொட்டுக் கட்டியதும் அந்தக் கணக்கில் வராதா?

மிஷன்களுக்கும் தேவாலயத்துக்கும் நற்சான்று தருவதற்காக இதை எழுதவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் பிணங்களைப் பிரித்து நின்ற சுவர் நமக்குத் தெரியும். உயிரோடு இருப்பவருக்குச் சோறு கொடுத்த கைதான், செத்தவருக்கு நடுவில் சுவரும் எழுப்பியது. இரண்டையும் சேர்த்தே பேசுவோம்.

அடுத்த பேரிடர் வரும். அப்போது கொடுப்பவரின் உள்நோக்கத்தை ஆராய நிறையப் பேர் வருவார்கள். நம் வேலை வேறு. பட்டியலை வாங்கிப் பார்க்க வேண்டும். சேரியின் கடைசி வீட்டிலிருந்து பெயர்களைச் சரிபார்க்க வேண்டும். பட்டா இல்லாதவர், வாடகைக்கு இருப்பவர், தனியாக வாழும் பெண் விடுபட்டிருந்தால் அங்கேயே உட்கார வேண்டும். மூட்டையைக் கொண்டுவந்தவர் அரசானாலும் ஆலயமானாலும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: யாருக்குக் கிடைக்கவில்லை?