கதைமாந்தர் பேசிய தமிழ்

தமிழில் எழுதும் மொழியும் பேசும் மொழியும் நெடுங்காலமாக விலகியே நிற்கின்றன. வீட்டில் ‘வந்துட்டான்’ என்பவர் தாளில் ‘வந்துவிட்டான்’ என்றே எழுதுவார். 19ஆம் நூற்றாண்டில் உரைநடைக் கதை தோன்றியபோது, அதன் மாந்தர் இவ்விரண்டில் எதைப் பேசுவது என்ற சிக்கலும் உடன் தோன்றியது. யாருடைய பேச்சு அச்சேறத் தக்கது என்ற சமூகக் கருத்து மாற மாற, அதற்கான விடையும் மாறிவந்தது.

பேச்சுமொழியை இலக்கியத்தில் கொண்டுவருவதற்குச் செய்யுளில் முன்னோடிகள் உண்டு. முக்கூடற்பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஏசிக்கொள்ளும் பகுதியில் வயல்வெளிப் பேச்சின் காரம் கேட்கிறது. ஆனால் முதல் தமிழ் நாவலான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) அந்த வழியில் செல்லவில்லை. அதில் யார் வாய் திறந்தாலும் ஆசிரியரின் நடையே வெளிப்படும். 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்த பி. ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ இதிலிருந்து விலகியது. மதுரைப் பக்கத்துச் சிற்றூரின் அக்கிரகார வம்புப் பேச்சு அதில் ஏறத்தாழ ஒலித்தபடியே பதிவானது. அன்று எழுதியோரில் பலரும் படித்தோரில் பலரும் அக்கிரகாரத்துப் பிராமணச் சமூகத்தினர் என்பதால், முதலில் அச்சேறிய வீட்டுப் பேச்சு அதுவாக இருந்ததில் வியப்பில்லை.

1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’ இதழின் காலத்தில் சிறுகதை வலுப்பெற்றது. புதுமைப்பித்தன் திருநெல்வேலிப் பிள்ளைமாரின் ‘வே’ போட்டு அழைக்கும் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தார். பேச்சின் கிண்டலும் இழுவையுமே அவர் கதைகளில் ஆளை அடையாளம் காட்டின. 1942இல் வெளியான ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ கொங்கு வேளாண் குடும்பத்தின் உரையாடலை நாவலின் முதுகெலும்பாக்கியது. வட்டார நாவலின் தொடக்கமாக அது கருதப்படுகிறது.

பேச்சை எழுத்தாக்குவதில் இலக்கணத் தடையோடு எழுத்துமுறைத் தடையும் இருந்தது. ‘மரம்’ என்பதன் இறுதி மகரம் பேச்சில் மூக்கொலியாகக் கரைந்துவிடும். அதைக் குறிக்கத் தமிழில் எழுத்தில்லை. ‘இலை’யை ‘எல’ என்றும் ‘காற்று’வைக் ‘காத்து’ என்றும் எழுதினால் ஒலி கிடைக்கும். ஆனால் வாசகர் தடுமாறக்கூடும். ஆகவே பெரும்பாலோர் விளிச்சொல், வினைமுடிவு, சொல்தேர்வு ஆகியவற்றில் பேச்சின் சாயலைக் காட்டிவிட்டு மற்றவற்றை எழுத்து வழக்கிலேயே விட்டனர். உரையாடலை எழுதுவது ஒலிப்பதிவாக இல்லாமல் தெரிந்தெடுத்தலாக அமைந்தது.

இதற்கு எதிர்ப்போக்கும் வலுவாக இருந்தது. மு. வரதராசன், நா. பார்த்தசாரதி போன்றோரின் மாந்தர் திருத்தமான தமிழிலேயே பேசினர். கல்கியின் வரலாற்று நாவல்களில் பழங்காலத் தோற்றத்துக்கு அந்த நடை துணைநின்றது. திரையில் மு. கருணாநிதி வசனம் எழுதிய ‘பராசக்தி’ (1952) அடுக்குமொழியையே மக்கள் ரசனையாக்கியது.

1960களில் வட்டாரப் பேச்சு பரவலாகியது. தி. ஜானகிராமனின் தஞ்சைக் குடும்பங்கள் உரையாடலாலேயே கதையை நகர்த்தின. ஜெயகாந்தன் சென்னைக் குடிசைப்பகுதியின் ‘இன்னா’வை வார இதழ் வாசகரிடம் கொண்டுசேர்த்தார். குமரி மாவட்டப் பேச்சு ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964), நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) ஆகியவற்றில் இடம்பெற்றது.

இலங்கையில் கதையில் பேச்சுமொழியைக் கையாள்வது வெளிப்படையான விவாதமாகவே வெடித்தது. யாழ்ப்பாணத்தின் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சை டொமினிக் ஜீவா, கே. டானியல் முதலிய முற்போக்கு எழுத்தாளர் கதைகளில் கையாண்டனர். மரபுவாதிகள் அதை ‘இழிசனர் இலக்கியம்’ என்று பழித்தனர். பேச்சுமொழியின் மீது எழுந்த அந்த எதிர்ப்பில் சாதி ஏளனமும் கலந்திருந்தது.

தமிழ்நாட்டில் கி. ராஜநாராயணன் இன்னும் ஒரு படி சென்றார். மேற்கோள் குறிக்குள் அடங்கியிருந்த கரிசல் பேச்சு அவரிடம் கதைசொல்லியின் நடையாகவே ஆனது. கரிசல் சொற்களுக்கு அவர் அகராதியும் தொகுத்தார். பூமணியின் ‘பிறகு’ (1979) அதே மண்ணின் ஒடுக்கப்பட்டோர் பேச்சைக் கொண்டுவந்தது. பாமாவின் ‘கருக்கு’ (1992) உரையாடல், விவரிப்பு என்ற பிரிவையே நீக்கி, தலித் மக்களின் பேச்சில் முழுக் கதையையும் சொன்னது. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) பரதவர் பேச்சுக்கு நாவலில் இடம் தந்தது. வட்டாரம் அறியாத வாசகருக்காகச் சொற்பொருள் பட்டியலை நூலின் இறுதியில் சேர்க்கும் வழக்கமும் உருவானது.

இன்று சமகாலக் கதைகளில் விவரிப்பு எழுத்து வழக்கிலும் உரையாடல் பேச்சு வழக்கிலும் அமைவதே பொதுநெறி. வரலாற்றுப் புனைவில் மட்டும் செந்தமிழ் உரையாடல் பெரிதும் தொடர்கிறது. அக்காலத்தவர் பேசிய முறைக்கு ஒலிச்சான்று இல்லாத நிலையில், எழுத்தில் எஞ்சிய தமிழே அங்கு அவர்களின் பேச்சாகிறது.