தென்னிந்தியப் புதைபடிவச் சோழிகள்

சோழி என்பது வயிற்றுக்காலி வகுப்பைச் சேர்ந்த ஒருவகைக் கடல் நத்தையின் ஓடு ஆகும். மாமல்லபுரம் கடற்கரைக் கடைகளில் மாலையாகத் தொங்குபவை இன்றும் வாழும் இனங்களின் ஓடுகள். அழிந்துபோன இனங்களை அங்குள்ள பாறைகளில் தேடிப் பயனில்லை. பல்லவர் குடைந்தவை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான படிகப் பாறைகள். அவற்றில் எந்த ஓடும் எஞ்சாது. கடலடியில் படிந்து இறுகிய பாறைகளைக் காணத் தெற்கே புதுச்சேரி, விருத்தாசலம், அரியலூர்ப் பக்கம் செல்ல வேண்டும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற கிரெட்டேசியக் காலத்தில் அங்கெல்லாம் கடல் பரவியிருந்தது.

1840களின் தொடக்கத்தில், சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த கேய், கன்லிஃப் ஆகிய இருவர் இப்பகுதிகளில் புதைபடிவங்களைச் சேகரித்தனர். இலண்டனுக்குச் சென்ற அத்தொகுப்பை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். அதிலிருந்த சோழிகளுக்குச் சைப்ரியா கேயி, சைப்ரியா கன்லிஃபி எனப் பெயரிட்டார். சேகரித்தவர்களின் பெயர் நிலைத்தது; அவை கிடந்த ஊர்களின் பெயர் இவ்விரண்டிலும் இல்லை. (இன்றைய ஆய்வாளர்கள் இவற்றை வேறு பேரினங்களில் சேர்க்கின்றனர்.)

இச்சிறு ஓடுகள் அறிஞர்களை வியக்க வைத்ததற்குக் காரணம் உண்டு. சோழியும் அதன் கூட்டாளிகளான ஒலிவா, வொலூட்டா போன்ற நத்தைகளும் வெப்பக் கடலுக்கு உரியவை. பிந்திய காலத்துப் பாறைகளை நினைவூட்டுபவை. ஆனால் இங்கோ அவை, கிரெட்டேசிய முடிவோடு அழிந்த அம்மோனைட்டுகளுடன் சேர்ந்தே கிடைத்தன. சோழிகளின் குலம் அத்தனை பழையது என்பதற்கு நம் மண்ணே சான்று தந்தது.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் 1862இல் சேர்ந்த பெர்டினாண்டு ஸ்டோலிக்ஸ்கா, மொராவியாவில் பிறந்தவர். தென்னிந்தியக் கிரெட்டேசிய வயிற்றுக்காலிகளுக்கென்றே ஒரு தனித் தொகுதி எழுதி 1867-68இல் வெளியிட்டார். இன்றும் நத்தைப் புதைபடிவம் ஒன்றை அடையாளம் காண ஆய்வாளர்கள் புரட்டுவது அதைத்தான். 1874இல், யார்க்கண்டு பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயர்மலையில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36 மட்டுமே.

நத்தை ஓட்டின் சுண்ணாம்பு எளிதில் கரையக்கூடியது. பல சமயம் ஓடு மறைந்து, உள்ளே நிரம்பி இறுகிய சேற்றின் அச்சு மட்டும் மிஞ்சும். பழகாத கண்ணுக்கு அது வெறும் கூழாங்கல். அரியலூரின் சுண்ணாம்புக்கல்லைச் சிமெண்டு ஆலைகளுக்காக வெட்டியெடுக்கும்போது, பெரிய அம்மோனைட்டை யாராவது எடுத்து வைக்கக்கூடும். விரல்நுனி அளவுள்ள நத்தையை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? அது கல்லோடு அரைபட்டுப் போகும். அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் இப்பகுதியின் புதைபடிவங்களைக் காணலாம்.