இரண்டு நியூபிகின்களா? உலகியல்மயமாதல் குறித்த 1966ஆம் ஆண்டு நூலின் மறுவாசிப்பு

பேராயர் லெஸ்லி நியூபிகினின் சிந்தனையை 1974இல் இரண்டாக வெட்டிப் பார்ப்பது ஆய்வுலகில் ஏறக்குறைய மரபாகிவிட்டது. வெட்டுக்கு முன்னே இருப்பவர், சமூகம் சமயத்தின் பிடியிலிருந்து விலகி உலகியல்மயமாவதை வரவேற்றவர். பின்னே இருப்பவர், சென்னைப் பேராயர் பொறுப்பை விட்டு இங்கிலாந்து திரும்பி, அங்கே நற்செய்தி வெறும் தனிமனித விருப்பமாகச் சுருங்கியிருப்பதைக் கண்டு, மேற்கத்தியப் பண்பாடே இனி அருட்பணிக்கான களம் என்று அறிவித்தவர். இந்த வாசிப்பின்படி 1966இல் வெளியான 'ஹானஸ்ட் ரிலிஜன் ஃபார் செக்யூலர் மேன்' அறுபதுகளின் உற்சாகத்தில் நேர்ந்த சறுக்கல். 1986இல் வந்த 'ஃபூலிஷ்னஸ் டு த கிரீக்ஸ்' அதற்கான திருத்தம். கிறிஸ்தவர்கள் உலகியல் சமூகத்தையும் அதன் அரசியலையும் எப்படி எதிர்கொள்வது என்று கேட்போரும் இவ்விரு நூல்களில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுகிறார்கள்.

இந்தப் பிரிவினை முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சொல்லவில்லை. தொனி மாறியது உண்மை. ஆனால் அடிப்படை வாதம் மாறவில்லை என்பதற்கு 1966ஆம் ஆண்டு நூலே சாட்சி. அதன் முதல் அதிகாரத்தை ஐரோப்பியச் சூழலுக்குள் வைத்து வாசித்ததால்தான் அது சறுக்கலாகத் தெரிந்தது. மதுரையிலிருந்து வாசித்தால் வேறொன்று தெரிகிறது.

நூலின் தலைப்பு, 1963இல் இங்கிலாந்தைக் கலக்கிய ஜான் ராபின்சனின் 'ஹானஸ்ட் டு காட்' நூலை நினைவூட்டுகிறது. உள்ளேயும் ராபின்சனோடு வாதம் நடக்கிறது. நூலுக்கு மூலமான உரைகள் நிகழ்த்தப்பட்ட இடம் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம். காலம் 1964 நவம்பர். நியூபிகின் அப்போது ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பணியில் இருந்தார். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தே, இது இங்கிலாந்தின் உள்வீட்டு விவாதத்தில் ஒரு குரல் என்று முந்தைய ஆய்வுகள் முடிவுகட்டின. ஆனால் உலகியல்மயமாதலை ஏன் வரவேற்க வேண்டும் என்பதற்கு முதல் அதிகாரம் முன்வைக்கும் எடைமிக்க சான்று இங்கிலாந்திலிருந்து வரவில்லை. தீண்டாமை ஒழிப்பு, வரதட்சணைத் தடை, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தின் நிறுத்தம், கல்வியும் மருத்துவமும் எல்லாருக்கும் பரவுதல் ஆகிய இந்திய மாற்றங்களே அங்கே சான்றுகள். சமய அதிகாரத்தின் பெயரால் நிலைத்திருந்த ஓர் ஒழுங்கை, சமயத்தின் அனுமதியை எதிர்பாராமல், குடிமக்கள் அனைவரும் சமம் என்ற அடிப்படையில் ஓர் அரசு கலைக்கத் தொடங்கியதை அவர் காட்டுகிறார். கிறிஸ்தவன் இதைக் கண்டு அஞ்சலாமா என்பதே அவரது கேள்வி.

இந்தச் சான்றுகளுக்குப் பின்னே மதுரை இருக்கிறது என்று நான் கருதுவது ஊகம்தான். ஆனால் வலுவான ஊகம். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது நியூபிகின் மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தின் பேராயரானார். 1959 வரை அங்கிருந்தார். அவர் பொறுப்பேற்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1939 ஜூலை 8 அன்று, அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் அதுவரை தடுக்கப்பட்டிருந்தோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்திருந்தனர். அவர் பொறுப்பேற்ற ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தன. மூன்றாண்டுகளில் அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு நடைமுறைக்கு வந்தது. அவர் சென்று சந்தித்த கிராமச் சபைகளில் பெரும்பகுதி ஊருக்கு வெளியே, சேரிகளில் இருந்தவை. ஆகவே உலகியல்மயமாதல் என்றதும் அவர் கண்முன் நின்றது இங்கிலாந்தின் காலி இருக்கைகள் அல்ல. பொதுக் கிணற்றிலும் தேநீர்க் கடையிலும் மறிக்கப்பட்ட மனிதர் சட்டத்தைச் சுட்டிக்காட்டித் தம் உரிமையைக் கேட்கத் தொடங்கிய காட்சி அது. சமயத்தின் பிடி தளர்வதை இழப்பாகக் காண, அந்தப் பிடியால் பயன்பெற்றவராக இருந்திருக்க வேண்டும். சேரிச் சபைகள் அப்படிப் பயன்பெற்றவை அல்ல.

இத்துடன் அதிகாரம் நின்றிருந்தால் பழைய வாசிப்புக்கு ஓரளவு நியாயம் இருந்திருக்கும். அது நிற்கவில்லை. வாழ்வின் துறைகள் சமய அமைப்புகளின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதை ஒன்றாகவும், கடவுளைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை என்று மூடிக்கொள்ளும் உலகியல்வாதத்தை வேறொன்றாகவும் நியூபிகின் பிரிக்கிறார். முன்னது விடுதலையாகலாம். பின்னது தானே ஒரு சமயமாகி மனிதரை நெருக்கும். தொடரும் பகுதிகளில் இந்தப் பிரிவை நிலைநிறுத்த அவர் துணைக்கு அழைப்பவர் மெய்யியலாளர் மைக்கேல் போலானி: எந்த அறிவும் ஒரு நம்பிக்கையின்மீது காலூன்றியே தொடங்குகிறது, அறிவியலாளரும் அதற்கு விலக்கல்லர். எனவே, 'உண்மை பொதுவெளிக்கு, நம்பிக்கை வீட்டுக்கு' என்று உலகியல் சமூகம் போட்ட கோடு அறிவின் இயல்பிலிருந்து பிறந்த கோடு அல்ல. எண்பதுகளில் மேற்கத்தியப் பண்பாட்டின்மீது நியூபிகின் தொடுத்த விமர்சனத்தின் முதுகெலும்பு இதே போலானிதான் என்பது அனைவரும் ஒப்புவது. அந்தக் கருவி 1966லேயே, அதுவும் சறுக்கல் என்று தள்ளப்பட்ட நூலிலேயே இருந்தது என்பதை என்ன செய்வது? திருத்தம் என்று கருதப்படுவது மூலத்திலேயே இருக்கிறது.

அதிகாரத்தின் பலவீனத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். டச்சு அறிஞர் ஆரென்ட் வான் லேயுவன் 1964இல் வெளியிட்ட வரலாற்றுச் சட்டகத்தை நியூபிகின் பெருமளவு ஏற்கிறார். ஆசியாவின் பழைய நாகரிகங்கள் விண்ணையும் மண்ணையும் அரசையும் ஒரே தெய்வீக ஒழுங்காகப் பிணைத்தவை. இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகள் அதை உடைத்தார்கள். அந்த உடைப்பே ஐரோப்பா வழியாக உலகியல்மயமாதலாக ஆசியாவை வந்தடைகிறது என்பது அச்சட்டகம். தமிழ்நாட்டு வரலாறு தெரிந்த எவரும் இதை அப்படியே ஏற்க முடியாது. சாதி ஒழுங்கை எதிர்த்து வடலூரில் எழுந்த வள்ளலாரின் குரல் தீர்க்கதரிசிகளிடம் கடன்வாங்கியதல்ல. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் தம் மக்களின் சமத்துவத்துக்கான வேர்களைப் பௌத்தத்தில் தேடினார். சுயமரியாதை இயக்கமோ எந்தச் சமயத்தையும் நாடாமல் போராடியது. தீண்டாமை ஒழிப்பின் முழுப் பெருமையையும் விவிலியத்தின் மறைமுக விளைவாகக் கணக்கெழுதுவது போராடியவர்களின் உழைப்பைப் பறிப்பதாகும். நியூபிகினிடம் இந்தக் குறை இருக்கிறது. அதை மழுப்பத் தேவையில்லை.

எனினும் சட்டகத்தைத் தள்ளினால் அதிகாரத்தின் மையமும் விழுந்துவிடும் என்று எண்ணுவது தவறு. விவிலியம் தனி ஆன்மாவின் மீட்சிக்கான சமய நூல் மட்டும் அல்ல, உலக வரலாறு முழுவதையும் பற்றிய ஒரு கூற்று என்பதே அந்த மையம். 1989இல் வெளியான 'த காஸ்பல் இன் எ ப்ளூரலிஸ்ட் சொசைட்டி'யில் நியூபிகின் இதே கருத்துக்கு வருகிறார். அங்கே அவர் நினைவுகூர்வது ஐரோப்பிய இறையியலாளர் எவரையும் அல்ல, தமிழ்நாட்டில் அரசு அதிகாரியாக இருந்த சதுர்வேதி பத்ரிநாத்தை. விவிலியத்தை இன்னொரு சமய நூலாக நீங்கள் எங்களுக்குக் கொடுப்பது ஏன், சமய நூல்கள் எங்களிடம் நிறையவே உண்டே, அது உலக வரலாற்றின் ஒரு தனித்த விளக்கமல்லவா என்ற பொருளில் அந்த இந்து அறிஞர் கேட்டதாக எழுதுகிறார். முன்பின் என்று பிரிக்கப்பட்ட இரு நியூபிகின்களையும் இணைக்கும் கருத்து, ஒரு தமிழ்நாட்டு அரசு அதிகாரியோடு நடந்த உரையாடலின் வழியாக நமக்கு வந்து சேர்கிறது.

1974 என்ற வெட்டுக்கோட்டை ஐயத்துக்குள்ளாக்கும் இன்னொரு சான்று இந்திய இறையியலாளர் எம்.எம். தாமஸுடனான விவாதம். தாமஸின் 'சால்வேஷன் அண்ட் ஹியூமனைசேஷன்' 1971இல் வந்தது. மனிதரை மனிதராக்கும் போராட்டங்களில் கிறிஸ்து செயல்படுகிறார். திருச்சபைக்கு வெளியேயும், ஞானஸ்நானம் பெறாதவரிடையேயும், கிறிஸ்துவை மையமாகக் கொண்ட உலகியல் தோழமை சாத்தியம் என்று அவர் வாதிட்டார். நியூபிகின் முதற்பாதியை மறுக்கவில்லை. ஆனால் கிறிஸ்துவை ஏற்போர் கண்ணுக்குத் தெரியும் ஒரு சமூகமாகக் கூடாமல், தாம் பிறந்த சமய, சாதிச் சமூகத்துக்குள் கரைந்து நின்றால் அந்த ஏற்பு நீடிக்குமா என்று கேட்டார். விவாதம் பெங்களூரின் 'ரிலிஜன் அண்ட் சொசைட்டி' இதழில் வெளியாயிற்று. அப்போது அவர் சென்னையில் பேராயர். இங்கிலாந்துக்குத் திரும்ப இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. எண்பதுகளின் நியூபிகின் என்று நாம் அறியும் மனிதர், உலகியல் சமூகத்துக்கு நற்செய்தியை விளங்கவைப்பது அதை நம்பி வாழும் ஒரு சபையே என்று எழுதியவர், சென்னையில் தாமஸோடு வாதிட்டுக்கொண்டிருந்தவரே.

அப்படியானால் 1974க்குப் பின் மாறியது என்ன? சூழலின் வெப்பம். இந்தியாவிலிருந்து இங்கிலாந்து வந்ததில் எது கடினம் என்று கேட்டவர்களுக்கு, அங்கே எதிர்காலம் குறித்த நம்பிக்கை மறைந்துபோயிருப்பதையே சொன்னதாக 1983ஆம் ஆண்டுச் சிறுநூலில் அவர் பதிவு செய்கிறார். 1980 முதல் பர்மிங்ஹாமின் வின்சன் கிரீன் பகுதியில் ஒரு சிறு சபையின் போதகராக அவர் பணியாற்றியதும் இந்தப் பார்வையைக் கூர்மையாக்கியிருக்கும். ஒரு கட்டத்தில் இங்கிலாந்தை உலகியல் சமூகம் என்பதைவிட நற்செய்தியைத் தள்ளிவிட்டுப் பிற தெய்வங்களை நாடிய சமூகம் என்பதே பொருத்தம் என்னும் அளவுக்குச் சென்றார். ஆனால் இது 1966இன் பிரிவினையைக் கைவிட்டதன் விளைவு அல்ல. அதே அளவுகோலை வேறொரு சமூகத்தின்மீது வைத்தபோது கிடைத்த வேறொரு முடிவு. உலகியல்மயமாதல் யாரை விடுவிக்கிறது, எந்த நம்பிக்கையின்மீது நிற்கிறது என்ற இரு கேள்விகளை அவர் மதுரையிலும் கேட்டார், பர்மிங்ஹாமிலும் கேட்டார். முதல் கேள்விக்கு இந்தியாவில் தெளிவான விடை கிடைத்தது. இரண்டாவதற்கு இங்கிலாந்தில் கவலை தரும் விடை கிடைத்தது.

கடைசிக் காலத்தில், 1998ஆம் ஆண்டின் 'ஃபெய்த் அண்ட் பவர்' போன்ற எழுத்துகளில், கிறிஸ்தவச் சமூகம் ஒன்றை மீட்க முனையும் தொனி கேட்கிறது என்று மறுப்போர் உண்டு. கேட்கிறது. ஆனால் மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய ஓர் இறுதி நூலை வைத்து நாற்பதாண்டுச் சிந்தனையை அளப்பது சரியன்று. நம்பிக்கையை வற்புறுத்தும் அரசை அவர் எக்காலத்திலும் கேட்கவில்லை.

இந்த மறுவாசிப்பு வரலாற்று ஒழுங்குக்கு மட்டும் உரியதாக எனக்குத் தோன்றவில்லை. தமிழ்நாட்டுத் திருச்சபைகளின் அரசியல் பெரும்பாலும் அரசியலமைப்பின் 30ஆம் உறுப்பைச் சுற்றியே சுழல்கிறது: பள்ளிகளையும் கல்லூரிகளையும் நடத்தும் உரிமை, அரசின் தலையீட்டுக்கு எல்லை. அவ்வுரிமை காக்கப்பட வேண்டியதே. ஆனால் மதச்சார்பற்ற அரசிடம் கிறிஸ்தவர்கள் கேட்க வேண்டியது இதுதான் என்று நிறுத்திக்கொண்டால், 1966இன் முதல் கேள்வியை நாம் கேட்கவே இல்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது; 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிந்தது. தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கிறார்கள். ஒரு மனிதர் எந்தக் கடவுளை வணங்குகிறார் என்று பார்த்தபின் அவர்மீதான தீண்டாமையை அளக்கும் அரசு, அந்த இடத்தில் இன்னும் போதிய அளவு மதச்சார்பற்றதாகவில்லை. இந்த விலக்கை எதிர்க்கும் வழக்கைத் திருச்சபை தனக்கான சலுகைக் கோரிக்கையாக நடத்தினால் தோற்கும், தோற்கவும் வேண்டும். உலகியல் அரசு தன் சொந்த வாக்கை முழுமையாக நிறைவேற்ற வேண்டும் என்ற கோரிக்கையாக நடத்தினால் அதற்கு வேறு வலிமை உண்டு. அந்த வலிமையும், சாதிவாரிக் கல்லறைகளைப் பிரிக்கும் சுவர்கள் திருச்சபை நிலத்திலேயே நிற்கும்வரை, நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்விக்குத் தாங்காது.